வெள்ளிக்கிழமைச் சாவி

நெற்குப்பை,
18-7-1971

அன்புள்ள நாகவல்லிக்கு,

பொன்னுத்தாயி எழுதுவது. நீ போடிநாயக்கனூரிலிருந்து போட்ட கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியந்தான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்கத் தேவையில்லாதபடி நீயே எல்லாவற்றையும் எழுதிவிட்டாய். உன் அப்பா லாரி ஷெட்டில் வண்டி கழுவுவதையும், நீ ஏலக்காய் பொறுக்கப் போவதையும், சாப்பிடும்போதுகூட விரலில் ஏலக்காய் வாசம் போகவில்லை என்பதையும் படித்தேன். எட்டாவதோடு நின்றவள் நான். பதினொன்றாவது படிக்க வேண்டியவள் நீ. இப்போது இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டோம் என்று நீ எழுதியிருந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். உன் அப்பா பஸ்ஸை வேகமாக ஓட்டி வந்தார் என்று எழுதிக் கொடுத்தது யார், எனக்குத் தெரியுமா என்று. தெரியும் நாகு. எழுதியது நான்தான்.

இதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மூடிவிடாதே. முழுவதும் எழுதிவிடுகிறேன்.

தை மாதம் கீரைக்கார அழகி எங்கள் ரோட்டு வளைவில் பஸ்ஸில் அடிபட்டு இறந்தாள் அல்லவா? நீயும் நானும் சேர்ந்துதான் போய்ப் பார்த்தோம். கீரைக்கட்டுகள் ரோட்டில் கிடந்தன, நீதான் எடுத்து ஓரமாக அடுக்கினாய். ஊர்க்காரர்கள் பஸ்ஸை மறித்ததும், பஸ் முதலாளி மெய்யநாதன் செட்டியார் வந்து இனிமேல் வேகம் இருக்காது என்று வாக்குக் கொடுத்ததும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் அவர் நாச்சியம்மை ஆச்சி வீட்டுக்கு வந்திருந்தார். ஆச்சிக்கு அவர் சித்தப்பா மகன். நானும் அம்மாவும் அந்த வீட்டில்தான் வேலை செய்கிறோம் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா காப்பி கொண்டுபோய் வைத்தாள், நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் பத்திரிகையில் படித்ததாக ஒன்று சொன்னார். வெளிநாட்டில் ரோட்டோரமாக ஒரு கருவியை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். போகிற வண்டியின் வேகத்தை அதுவே பார்த்து, அதுவே படம் எடுத்துக்கொள்ளுமாம். ஆள் வேண்டாம், தெரிந்தவன் தெரியாதவன் என்ற பார்வை கிடையாது, பேச்சும் கிடையாது. ஆச்சி சிரித்து, “அந்தக் கருவிக்கு இங்குட்டு எங்கப்பா போறது?” என்றார்கள். அவர் கதவுப்பக்கம் கையைக் காட்டி, “எதுக்குப் போகணும்? இந்தா நிக்கிதுல்ல ஒங்க வீட்டுலயே ஒண்ணு. இந்தப் பிள்ளை வாயைத் தொறந்து நான் பார்த்ததே இல்லை. கருவி மாதிரித்தான்” என்றார்.

அப்படித்தான் நான் கருவி ஆனேன்.

வேலை சுலபமானதுதான். கண்மாய் மடைக்குப் பக்கத்து டீக்கடையில் டைம் கீப்பர் தங்கச்சாமி உட்கார்ந்து, ஒவ்வொரு பஸ்ஸும் தன்னைத் தாண்டும் நேரத்தை எழுதுவார். அங்கிருந்து எங்கள் வளைவு சரியாக மூன்று மைல். பஸ் ஆச்சி வீட்டு ஜன்னலைத் தாண்டும்போது நான் முகப்பில் தொங்கும் கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை செட்டியார் ஆளனுப்பி இரண்டு நோட்டையும் வாங்கி ஒத்துப்பார்த்து, எடுத்த நிமிடத்தை என் நோட்டில் எழுதுவார். மூன்று மைலை ஆறு நிமிடத்துக்குள் கடந்திருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் வேலை போய்விடும். கோடு யாருக்கு விழுந்தது என்பது நோட்டு திரும்பி வந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

நீ நம்புவாயோ என்னவோ, பலன் இருந்தது. முன்பெல்லாம் வளைவில் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்த வண்டிகள், ஆச்சி வீட்டுக்கு முன்னால் தேர்போல அசைந்து வந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயப்படாமல் ரோட்டைத் தாண்டின. மாசியிலிருந்து இன்று வரை அந்த வளைவில் ஓர் உயிரும் போகவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

உன் அப்பாவுக்கு விழுந்தவை மூன்று கோடு. மார்ச் 18, ஏப்ரல் 19, மே 27. மூன்றாவது கோடு போட்ட நோட்டு திரும்பி வந்த அன்று, அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தேன். நீங்கள் மாட்டுவண்டியில் சாமான் ஏற்றிய அன்று நான் வந்து நின்றது நினைவிருக்கும். நீ என்னிடம் உன் பூகோளப் புத்தகத்தைக் கொடுத்து, வைத்துக்கொள் என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் பார்த்ததைத்தான் எழுதினேன் நாகு. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. உன் அப்பா என்பதற்காக மாற்றி எழுதியிருந்தால் அது வேறு தப்பு. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உனக்குக் கோபம் வந்தால் கோபமாகவே ஒரு கடிதம் போடு. போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அப்பா அம்மாவுக்கு என் வணக்கம்.

என்றும் உன் தோழி,
பொன்னுத்தாயி


நெற்குப்பை,
15-8-1971

அன்புள்ள நாகு,

உன் கார்டு வந்து பதினேழு நாளாகிவிட்டது. அதில் ‘சௌக்கியம்’ என்றுகூட எழுதவில்லை, இரண்டு வரிதான் இருந்தது. என் கடிதத்தை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினாயாம். கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதானாம்: “அந்தப் பிள்ளை பொய் எழுதாது. ஆனா நான் வேகமா வரலை.”

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்த இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும்? பாத்திரம் தேய்க்கும்போதும் இதுதான், தண்ணீர் எடுக்கும்போதும் இதுதான்.

அதற்கு முன்னால் வேறொரு செய்தி சொல்லிவிடுகிறேன். ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் அம்மா இடுப்பில் குடத்தோடு வளைவைத் தாண்டும்போது, ஆசைத்தம்பி ஓட்டி வந்த பஸ் சத்தமில்லாமல் பின்னால் வந்துவிட்டது. அம்மா பள்ளத்தில் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். குடம் உடைந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. “ஒரு ஹாரன் அடிச்சா இவன் ஆஸ்தி கொறைஞ்சா போயிரும்? பூனை மாதிரி வந்து நிக்கிறான்” என்று அன்று முழுவதும் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஏன் ஹாரன் அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஹாரன் சத்தம் கேட்டுத்தான் நான் ஜன்னலுக்குப் போவேன். அது டிரைவர்களுக்குத் தெரிந்துவிட்டது. யார் எழுதுகிறார்கள் என்பது தெரியாவிட்டாலும், சத்தம் கொடுத்தால் ஜன்னலில் ஓர் ஆள் அசைவது தெரிகிறதே. பங்குனியிலிருந்து ஒவ்வொருவராக ஹாரனை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு பஸ் வரும் நேரம் பார்த்து நானே ஜன்னலில் போய் நின்றேன். கடைசிவரை வளைவில் ஹாரன் அடித்தது உன் அப்பா ஒருவர்தான். இரண்டு சின்ன அடி, ஒரு நீள அடி. அடுக்களையில் இருந்தாலும் எனக்குக் கேட்கும்.

இன்னொன்று. அம்மா விழுந்த நாளின் கணக்கை, நோட்டு திரும்பி வந்ததும் பார்த்தேன். அந்த பஸ் மூன்று மைலுக்கு எட்டு நிமிடம் எடுத்திருக்கிறது. நோட்டுப்படி அதைவிட ஒழுங்கான வண்டி அன்று வேறு இல்லை. எப்படி என்பதும் எனக்குத் தெரியும். ஊருணிக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். கைக்கடிகாரம் கட்டிய டிரைவர்கள் மடையிலிருந்து புளியமரம் வரை பறந்து வருவார்கள். அங்கே வண்டியை நிறுத்தி, பீடி பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, நேரம் ஆனதும் மெதுவாக வளைவுக்கு வருவார்கள். புளியமரம் என் ஜன்னலுக்குத் தெரியாது. உன் அப்பாவிடம் கைக்கடிகாரம் கிடையாது. அவர் மடையிலிருந்து வளைவு வரை ஒரே சீராகத்தான் வந்திருப்பார்.

இனி முக்கியமான விஷயம். உன் கார்டு வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை, வழக்கம்போல ஆச்சி கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்கள். அது அவர்கள் கல்யாணத்துக்குச் சீராக வந்தது, ரங்கூன் கடிகாரம். சாவி அவர்கள் இடுப்புக் கொத்தில்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்றிய பிறகு முக்காலியில் ஏறிச் சாவி கொடுப்பார்கள். மற்ற நாளில் யாரும் அதைத் தொடக்கூடாது. முக்காலியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. நான்கு வருடமாகப் பிடிக்கிறேன்.

அன்றும் பிடித்தேன். ஆச்சி சாவி கொடுத்து முடித்து, பஞ்சாயத்து ரேடியோவில் ஏழேகால் செய்தி தொடங்கியதும் விரலால் பெரிய முள்ளைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார்கள். எல்லா வெள்ளிக்கிழமையும் தள்ளுவார்கள். அன்றைக்குத்தான் அந்த விரல் என் கண்ணில் பட்டது. “எதுக்கு ஆச்சி தள்ளுறீக?” என்று கேட்டேன். நானாக அவர்களிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். “வாரம் பூரா ஓடுதுல்லத்தா, கடைசியில அசந்துரும். ரெண்டு நிமிசம் பின்னால நிக்கும். நம்ம தள்ளிவிட்டா மறுபடி ஓடும்” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்கள்.

எனக்கு முக்காலியை விடக் கை வரவில்லை.

யோசித்துப் பார். தங்கச்சாமி அண்ணன் கடிகாரம் சரியாக இருக்கிறது. பஸ் மடையைத் தாண்டும் நேரம் சரி. வளைவுக்கு வந்ததும் நான் பார்க்கிற கடிகாரம் இரண்டு நிமிடம் பின்னால் நிற்கிறது. ஏழு நிமிடத்தில் வந்த பஸ், என் நோட்டில் ஐந்து நிமிடத்தில் வந்ததாகிவிடும். சமைப்பதற்கும் சாப்பிடுவதற்கும் இரண்டு நிமிடம் ஒரு பொருட்டா? அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயந்தான் அது. தெரிந்தே இருந்ததால் யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

அவசரப்பட்டு உனக்கு எழுத மனமில்லை. இரண்டு வாரம் தினமும் காலையில் ஏழேகால் செய்தி தொடங்கும்போது கடிகாரத்தில் என்ன மணி என்று பார்த்துத் தனித்தாளில் குறித்தேன். வெள்ளிக்கிழமை ஆச்சி முள்ளைத் தள்ளியதும் சரியாகிவிடுகிறது. சனி, ஞாயிறும் சரியாக இருக்கிறது. திங்கள் அரை நிமிடம் பின்னால். செவ்வாய் ஒரு நிமிடம். புதன் ஒன்றரைக்கு மேல். வியாழன் இரண்டே கால். இரண்டாவது வாரமும் அப்படியே.

பிறகு பழைய நோட்டை எடுத்து, கிழமை வாரியாகப் புரட்டினேன். சிவப்புக் கோடுகள் மொத்தம் பதினான்கு. அவற்றில் ஒன்பது வியாழக்கிழமை. வியாழக்கிழமை மட்டும் எல்லா டிரைவர்களுக்கும் என்ன அவசரம்? வெள்ளிக்கிழமையில் ஒரு கோடுகூட இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் எல்லோருக்கும் என்ன நிதானம்? இந்தக் கணக்கைச் செட்டியாரும் போடவில்லை, நானும் போடவில்லை.

மார்ச் 18 வியாழன். மே 27 வியாழன். இரண்டு நிமிடத்தைச் சேர்த்தால் இரண்டு நாளும் ஆறு நிமிடத்தைத் தாண்டிவிடுகிறது. உன் அப்பா சொன்னதும் உண்மை, நான் எழுதியதும் பொய்யில்லை.

ஏப்ரல் 19 திங்கட்கிழமை. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அரை நிமிடத்தைச் சேர்த்தாலும் ஐந்தரை நிமிடந்தான் வருகிறது. அன்று உன் அப்பா வேகமாகத்தான் வந்திருக்கிறார். ஏன் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோட்டை நான் அடிக்க மாட்டேன். ஆனால் ஒரு கோட்டுக்கு யாருடைய வேலையும் போகாது.

இதை நான் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, “ஆச்சி வீட்டுக் கடியாரம் தப்புன்னு நீ சொல்லப் போறியா? இந்தத் தெருவே அதைப் பார்த்துத்தான்டி சோறு வடிக்கிது. நம்ம சோறும் அந்த வீட்டுலதான் வேகுது” என்றாள். அவள் சொல்வதும் சரிதான். முழங்கைக் காயத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டே சொன்னாள்.

அடுத்த மாதம் இரண்டாம் தேதி செட்டியார் நோட்டு வாங்க நேரிலேயே வருகிறார். சொல்ல வேண்டுமென்றால் அன்றுதான் சொல்ல வேண்டும். அவர் முன்னால் நான் இதுவரை ஒரு சொல்கூடப் பேசியதில்லை. உனக்குத் தெரியாதா, ஐந்தாம் வகுப்பில் டீச்சர் என் பெயரைக் கேட்டபோது நீதான் எழுந்து சொன்னாய்.

நீ பதில் எழுதுவாய் என்று எதிர்பார்க்கவில்லை. எழுதினால் நல்லது.

உன்,
பொன்னு


நெற்குப்பை,
5-9-1971

அன்புள்ள நாகவல்லிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பரவாயில்லை. இந்தக் கடிதத்தை உன் அப்பாவிடம் உடனே படித்துக் காட்ட வேண்டும். அதற்காக முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொள்வதாக மெய்யநாதன் செட்டியார் சொல்லியிருக்கிறார். யாராவது வராத நாளில் ஓட்டும் ஸ்பேர் டிரைவராகத்தான், பழைய லைன் கிடையாது. இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் நேரில் வந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவாராம்.

இனி நடந்ததை எழுதுகிறேன்.

இரண்டாம் தேதி அவர் வந்தார். அன்று வியாழக்கிழமை என்பது அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நோட்டை அம்மா கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் என் தாளைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் எழுந்து கிளம்பும் சமயத்தில், “கடிகாரம்” என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். ஆச்சி திரும்பிப் பார்த்து, “என்னத்தா? சத்தமாச் சொல்லு. இங்க யாரும் ஒன்னை முழுங்கிற மாட்டாக” என்றார்கள்.

கதவைவிட்டு வெளியே வரவில்லை. அங்கிருந்தே சொன்னேன். “வியாழக்கிழமை கடியாரம் பின்னால நிக்கிது. நான் எழுதுனதெல்லாம் ரெண்டு நிமிசம் தப்பு.” அவ்வளவுதான் வந்தது. பிறகு தாளை நீட்டினேன்.

செட்டியார் முதலில் தாளைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஆச்சி, ஒங்க கடியாரம் ரெண்டரை நிமிசம் பின்னாலல்ல நிக்கிது?” என்றார். ஆச்சி சாதாரணமாக, “நிக்கட்டுமே. நாளைக்குச் சாவி குடுத்தாச் சரியாப் போயிரும். இருபத்தாறு வருசமா அப்படித்தானே” என்றார்கள். சொல்லி முடித்த பிறகுதான் அவர்களுக்கே அந்தச் சொல் கேட்டது போலிருந்தது.

அவர் உட்கார்ந்து தாளையும் நோட்டையும் வைத்து ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். பார்க்கத் தெரிந்த மனிதர். வேகமாகவே பார்த்து முடித்துவிட்டார். உன் அப்பாவின் பக்கம் வந்ததும், “அப்பவும் ஒரு கோடு நிக்கிதே” என்றார். “நிக்கிது” என்றேன். அதற்கு அவர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று தெரியவில்லை. அந்த ஒரு கோட்டையும் நான் இல்லையென்று சொல்லியிருந்தால், மற்ற இரண்டையும் அவர் நம்பியிருக்க மாட்டாரோ என்று பிறகு தோன்றியது. உன் அப்பாவைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது அப்போதுதான்.

பேச்சு வந்துவிட்டதால் மீதியையும் சொல்லிவிட்டேன். புளியமரத்தடியில் வண்டி நிற்பதையும், வளைவில் ஹாரன் அடிப்பதில்லை என்பதையும் சொன்னேன். “எந்த வண்டி நிக்கிது? யார் வண்டி?” என்று கேட்டார். தெரியாது என்றேன். நாகு, இத்தனை மாதத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஆசைத்தம்பிக்கு மூன்று சின்னப் பிள்ளைகள். அம்மா கீழே விழுந்தது அவன் பஸ்ஸால்தான். இருந்தாலும் இன்னொருவர் பெயரை என் வாயால் சொல்ல முடியவில்லை. இது சரியா தப்பா என்று நீதான் சொல்ல வேண்டும்.

அவருக்கு அந்த ஏற்பாட்டை விட மனமில்லை. வெளியூரிலிருந்து நல்ல கடிகாரமாக வரவழைத்துத் தருகிறேன், தினமும் சாவி கொடுத்துக்கொள், ஹாரன் அடிக்காதவனையும் சேர்த்து எழுது என்றார். “நான் எழுதலைங்கய்யா” என்றேன். அவர் ஆச்சியைப் பார்த்து, “கருவி பேச ஆரம்பிச்சிருச்சே ஆச்சி!” என்றார். ஆச்சி சிரிக்கவில்லை.

அவர் போன பிறகு ஆச்சி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. அம்மாவோடும் பேசவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தட்டு தட்டாமல், பாத்திரம் இடிக்காமல் வேலை செய்தோம். வேலை போய்விட்டது என்றுதான் அம்மா நினைத்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிய பிறகு ஆச்சி முக்காலியைத் தாங்களே எடுத்துப் போட்டார்கள். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். சாவி கொடுத்தார்கள். ரேடியோவில் செய்தி தொடங்கியது. முள்ளைத் தள்ளிய விரலை எடுக்காமல், என்னைப் பார்க்காமல், “அந்த ஆண்டியப்பன் மக படிச்சுக்கிட்டு இருந்துச்சுல்ல?” என்று கேட்டார்கள். உன்னைப் பற்றித்தான். ஆமாம் என்றேன். கீழே இறங்கி உள்ளே போய்விட்டார்கள்.

அன்று பத்து மணிக்கு இரண்டு ஆட்கள் அரிவாளோடு வந்து, வளைவை மறைத்துக்கொண்டிருந்த கருவேலம் புதரை வெட்டினார்கள். ஆச்சி அனுப்பிய ஆட்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. இப்போது ஜன்னலிலிருந்து பார்த்தால் புளியமரம் தெரிகிறது. பஸ் வருவது ரோட்டில் நடப்பவர்களுக்கும் தூரத்திலேயே தெரிகிறது. அழகி செத்த பிறகு ஏழு மாதமாக அந்த வழியாக எல்லோருந்தான் போய் வந்தோம். புதரை வெட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் எல்லோரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம்.

நோட்டினால் நன்மையா கெடுதலா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. அந்த மாதங்களில் வளைவில் யாரும் சாகவில்லை. நோட்டு இல்லையென்றால் யாராவது செத்திருப்பார்களோ என்னவோ. ஜன்னலில் ஆள் இருக்கிறது என்ற பயத்தில் வண்டிகள் மெதுவாக வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதே பயத்தில் ஹாரனை விட்டார்கள் என்பதையும் பார்த்தேன். செட்டியார் வேறு ஆளை வைத்து எழுதச் சொன்னாலும் சொல்லலாம். அப்படி எழுதுகிறவர், யாருக்காவது கோடு விழுந்தால் முதலில் தன் கடிகாரத்தைப் பார்க்கட்டும்.

சாயங்காலம் ஆச்சி ஒரு சீட்டைக் கொடுத்து என்னை உங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. உன் பெயரை இன்னும் அடிக்கவில்லை, காலாண்டுப் பரீட்சைக்குள் வந்துவிட்டால் போதும் என்று அந்த அம்மா சொல்லி அனுப்பினார்கள். உன் பூகோளப் புத்தகத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அட்டை போட்டிருக்கிறேன். ஆறுகள் பாடம் வரை நானும் படித்துவிட்டேன்.

செட்டியார் எழுத்தில் ஒன்றும் தரவில்லை. வாயால்தான் சொன்னார். அதனால் நான் குறித்த இரண்டு வாரத் தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். தேதியும் கிழமையும் போட்டு, கீழே என் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஒருவேளை அவர் பேச்சு மாறினால் உன் அப்பா இதைக் காட்டட்டும். யார் எழுதியது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லட்டும். கூப்பிட்டால் நான் வந்து சொல்வேன்.

உன் அப்பா வராமல் இருந்துவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம். பெயர் கெட்ட இடத்துக்குத் திரும்பிப் போவதா என்று நினைப்பார். நீ சொன்னால் கேட்பார். அவர் பொய் சொல்லவில்லை என்று இந்த ஊரில் இப்போது எல்லோருக்கும் தெரியும். டீக்கடையில் தங்கச்சாமி அண்ணனே சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

ஆச்சி வீட்டுக் கடிகாரம் அங்கேயேதான் தொங்குகிறது. இனிமேலும் வெள்ளிக்கிழமைதான் சாவி கொடுப்பார்கள். அதை மாற்ற அவர்களுக்கு இஷ்டமில்லை. மாற்ற வேண்டிய தேவையும் இப்போது இல்லை.

வளைவுக்கு வரும்போது வழக்கம்போல அடிக்கச் சொல், நாகு. இரண்டு சின்ன அடி, ஒரு நீள அடி. நான் ஜன்னலுக்கு ஓடி வருவேன். கையில் பென்சில் இருக்காது.

இருபதாம் தேதி திங்கட்கிழமை. அதற்கு முன்னால் வந்துவிடுங்கள்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
பொன்னுத்தாயி